சீருடை போட்ட மீட்டர்

வேனிலிருந்து இறங்கியது இரண்டே பேட்டரி.

மருமகள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வரும், நான்காவது வரும் என்று பார்த்தாள். பேட்டரிக்காரன் வேனின் பின்கதவை இழுத்துச் சாத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"மீதி எப்ப வரும்?" என்று கேட்டாள்.

"மீதியா? ஆர்டரே ரெண்டுதான் மேடம்."

"ரெண்டு போதும்மா. மீட்டர் வச்சு அளந்தாச்சு," என்றார் மாமனார். தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி பேட்டரியைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

அவரைத் தெருவில் செக்கர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு பெயரும் உண்டு, அது இங்கே வேண்டாம். தலை நரைக்கும்வரை பஸ்ஸில் ஏறி டிக்கெட் பார்த்தவர். வேலையிலிருந்து ஓய்வு வாங்கினாரே தவிர சந்தேகத்திலிருந்து வாங்கவில்லை. பால்காரர் ஊற்றுகிற பாலையும் நம்ப மாட்டார், மகன் சொல்கிற நேரத்தையும் நம்ப மாட்டார். சுவர்க் கடிகாரம் ஒன்றைத்தான் நம்புவார், அதையும் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்ட பிறகு.

இந்த வீட்டுக்குச் சூரிய மின்சாரம் ஏன் வந்தது என்பதைத் தொடர்ந்து படிக்கிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். போன கோடையில் இருட்டினால் மின்சாரம் போகும், விடிந்தால்தான் வரும். பின்னறையில் மருமகள் வைத்திருக்கும் குஞ்சு பொரிக்கிற பெட்டி ராத்திரியில் ஆறிப்போனது. பெட்டி முழுக்க அடுக்கிய முட்டையில் ஒன்றுகூடப் பொரியவில்லை. கோழிப்பண்ணைக்காரர் வந்து பார்த்துவிட்டு, அடுத்த தடவையும் இப்படியானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அடுத்த தடவை இதுதான். நாளை ராத்திரி குஞ்சுகள் ஓட்டைக் கொத்தத் தொடங்கும். நாளை முதல் மறுபடியும் இரவு மின்வெட்டு என்று அறிவிப்பும் வந்தாயிற்று.

மாடியில் சூரியத் தகடு போட்டபோது செக்கர் தாராளமாகத்தான் இருந்தார். வெயில் சும்மா வருகிறது, பிடித்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று இடம் இருந்த மட்டும் பரப்பினார். பேட்டரி என்றதும்தான் முகம் சுருங்கியது. கடைக்காரன் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று தோன்றிவிட்டது. அதனால் போன மாதம் மெயின் பலகையில் ஒரு மீட்டரை மாட்டி, இருட்டினதிலிருந்து விடிகிறவரை வீடு எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று ஒரு வாரம் அளக்கும்படி பேட்டரிக்காரனிடம் சொன்னார். மீட்டர் சொன்ன தீர்ப்பு, இரண்டு பேட்டரி தாராளம். அன்று சாயங்காலம் தெருக்கோடி வரைக்கும் நடந்து வாசலுக்கு வாசல் சொல்லிவிட்டு வந்தார். எதிர்வீட்டில் நான்கு, கோடிவீட்டில் ஆறு, நம் வீட்டில் இரண்டு.

அந்த வாரம் மருமகள் இல்லை. தங்கையின் பிரசவத்துக்குத் துணையாகப் போயிருந்தாள். பெட்டியைக் கழுவி, வெயிலில் காயவைத்து, மூடிவிட்டுப் போயிருந்தாள். பெட்டியையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்களா என்று புருஷனிடம் போனில் கேட்டாள். "எல்லாம் அப்பா பாத்துக்கிட்டார்" என்றான் அவன். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். ரோட்டில் காட்டுகிற வேகத்தை வீட்டு விஷயத்தில் காட்ட மாட்டான்.

"மாமா, மீட்டர் வச்ச வாரம் என் பெட்டி ஓடல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"பெட்டிதானேம்மா. ரெண்டு பல்பு எரியிற மாதிரி ஒரு சூடு. அதுக்குப் போய்."

"ரெண்டு பல்பு இல்ல. கூட்டிக் கழிச்சு இருநூறு வாட். ராத்திரி முழுக்க. மனுஷன்னா ஃபேனைக் குறைச்சு வச்சுக்கோன்னு சொல்லலாம். முட்டைகிட்டப் போய் கொஞ்சம் அனுசரிச்சுக்கோன்னு சொல்ல முடியுமா?"

பேட்டரிக்காரன் போனை எடுத்துத் தட்டிப் பார்த்தான். வாயாடி ஆள். அதுவரை ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான்.

"ஐயா, இவங்க பெட்டி மட்டுமே ரெண்டு பேட்டரியையும் முழுங்கிட்டு இன்னும் கொண்டாங்கும்."

"அது எப்படி? பேட்டரி மேல எழுதியிருக்கிற கணக்கைப் பெருக்கினா வருதே."

"எழுதியிருக்கிறதுல பாதியைத்தான் எடுக்கணும். இது ஆசிட் பேட்டரி. தினமும் அடிமட்டம் வரைக்கும் உறிஞ்சினா சீக்கிரமே படுத்துடும்."

"பாதிதான் எடுக்கணும்னா எதுக்கு முழுசா விக்கிற? பால் பாக்கெட்டைக் குடுத்துட்டுப் பாதிதான் குடிக்கணும்னா நீ வாங்குவியா?"

"நான் செய்யல ஐயா, விக்கிறதுதான்."

"சரி, இப்ப ரெண்டை மாட்டு. பத்தலைன்னா அடுத்த வருஷம் ரெண்டு சேத்துக்கலாம்."

"அதுதான் முடியாது. பழசோட புதுசைக் கட்டினா, பழசு புதுசையும் கெடுத்துடும். எத்தனைன்னாலும் ஒரே நேரத்துல, ஒரே தயாரிப்பா இறங்கணும்."

"சேந்து வாழறவங்க கதைதான்," என்றாள் மருமகள்.

செக்கர் அவளை ஒரு பார்வை பார்த்தார். "மீட்டர் பொய் சொல்லாதும்மா. மனுஷன்தான் சொல்லுவான். நான் பாக்காத பொய்யா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"ரெண்டுதான்னா இப்பவே சொல்லிடுங்க மாமா. பெட்டியை சிநேகிதி வீட்டுக்குக் கொண்டுபோறேன், அங்க ஜெனரேட்டர் இருக்கு. ஆனா பொரியப்போற முட்டையை வண்டியில குலுக்கினா எத்தனை தேறும்னு தெரியாது. அதையும் மனசுல வச்சுக்கிட்டுச் சொல்லுங்க. இன்னொன்னு, போன பெட்டி திரும்பி வராது. வேலையை அங்கேயே வச்சுக்குவேன்."

பேட்டரிக்காரன் மெல்ல வேன் பக்கம் நகர்ந்தான். "எனக்கு வேற ஒரு வீட்டுல வேலை இருக்கு. இருட்டற நேரத்துக்கு வர்றேன். சூரியன் இறங்கினப்புறம் ஓட்டிப் பாத்தாத்தான் பேட்டரி லட்சணம் தெரியும். அதுக்குள்ள பேசி முடிச்சுக்கங்க."

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் யாரும் பேட்டரியைப் பற்றிப் பேசவில்லை. செக்கரின் மனைவி நொண்டி நொண்டிப் பரிமாறினாள்.

"என்ன, மூட்டு ரொம்பப் படுத்துதா?"

"ரெண்டு நாளா கொஞ்சம் அதிகம்."

"உக்காந்த இடத்துல இருக்கிறவளுக்கு ஏன் அதிகமாகுது?"

"அதை மூட்டுகிட்ட கேளுங்க."

அடுப்பு மேடையில் ஒரு தட்டு, மேலே இன்னொரு தட்டால் மூடியிருந்தது. மகன் வேலைக்குச் சாப்பாடு எடுத்துப் போயாயிற்று. மற்ற மூன்று பேர் இங்கே. அது யாருக்கு என்று கேட்டார். ராத்திரிக்கு என்றாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. மனதில் முழுக்கப் பேட்டரி இருந்தது.

மனசு சரியில்லை என்றால் சிலர் நடப்பார்கள், சிலர் தூங்குவார்கள். செக்கர் பஸ் ஏறுவார். போகிற இடம் முக்கியமில்லை, கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி வருவார். "ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் வருவேன். பேட்டரிக்காரன் வந்தா உக்காரச் சொல்லுங்க," என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பின்வாசல் பக்கத்து ஜன்னல் சீட். பஸ் வழக்கமான பஸ்ஸாக இருந்தது. எதிர் சீட்டுக்காரன் காலைத் தூக்கி முன் சீட்டில் வைத்திருந்தான். ஒரு மாணவன் போனில் சத்தமாகப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். படியில் மூன்று பேர் தொங்கினார்கள். ஓர் அம்மாள் பக்கத்து சீட்டில் பையை உட்காரவைத்து, நின்றுகொண்டிருந்த கிழவரைப் பார்க்காத மாதிரி இருந்தாள்.

அடுத்த நிறுத்தத்தில் சீருடையோடு ஒரு பரிசோதகர் ஏறினார்.

எதிர் சீட்டுக்காரனின் கால் கீழே இறங்கியது. போன் சத்தம் நின்றது. பை மடிக்கு வந்தது, கிழவர் உட்கார்ந்தார். படியில் தொங்கினவர்கள் உள்ளே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு நிமிஷத்தில் அந்த பஸ் உலகத்திலேயே ஒழுக்கமான பஸ்ஸாகிவிட்டது. பரிசோதகர் எல்லா டிக்கெட்டையும் பார்த்தார், திருப்தியாக இறங்கினார். பஸ் கிளம்பியது. கால் மறுபடி மேலே ஏறியது.

செக்கருக்குச் சிரிப்பு வந்தது. இளவட்டம், விவரம் தெரியாதவன். சீருடையோடு ஏறினால் பஸ்ஸின் நிஜ முகம் தெரியுமா? அவர் காலத்தில் சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு நிறுத்தத்துக்கு நடுவில் கையைக் காட்டி ஏறி, ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் அடையாள அட்டையை எடுத்துக் காட்டுவார்.

சிரிப்பு பாதியில் நின்றது.

மெயின் பலகையில் அந்த மீட்டரை மாட்டியது எங்கே? கூடத்தின் நடுவில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில். பச்சை விளக்கு வேறு மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது. மாட்டின அன்று அவரே எல்லோரையும் கூப்பிட்டு, இது எல்லாத்தையும் பார்த்துக்கிட்டிருக்கு, யார் எவ்வளவு வீணாக்குறீங்கன்னு வாரக் கடைசியில தெரிஞ்சுடும் என்று சொன்னார்.

மீட்டருக்குச் சீருடை மாட்டி, விசிலும் ஊதி ஏற்றிவிட்டிருக்கிறார்.

அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி எதிர்ப்பக்க பஸ்ஸைப் பிடித்தார்.

வீட்டுக்கு வரும்போது தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. முன்கதவைத் தொடவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக வந்தார். இந்த வயதில் இப்படி உடம்பு சுறுசுறுப்பாகி ரொம்ப நாளாயிற்று.

முதலில் அகப்பட்டது மகன். ஷிப்ட் முடிந்து வந்தவன், தன் மின்சார ஸ்கூட்டரை ஜன்னலுக்கு அடியில் நிறுத்தி, ஜன்னல் வழியாக ஒயரை இழுத்துச் சொருகிக்கொண்டிருந்தான்.

"டிக்கெட் எடு," என்றார் செக்கர்.

மகன் கையிலிருந்த ஒயரை விட்டுவிட்டான். "அப்பா. சாப்பாட்டுக்குத்தான் வருவேன்னீங்க."

"மீட்டர் வச்ச வாரம் இதை எங்க சொருகினே?"

"ஆஸ்பத்திரியில. நீங்க திட்டுவீங்கன்னு."

"இப்ப தினமும்?"

"இங்கதான். ராத்திரியில."

"நாளையிலேர்ந்து வெயில் அடிக்கிறப்ப சொருகு. தகட்டுலேர்ந்து நேராப் போயிடும், பேட்டரியைத் தொடாது. ஷிப்டை மாத்த முடியலைன்னா ஆஸ்பத்திரியிலேயே சொருகு. நட."

படுக்கையறையில் மனைவி கால் நீட்டிப் படுத்திருந்தாள். போர்வைக்குள்ளிருந்து ஒரு ஒயர் சுவருக்குப் போனது. செக்கர் போர்வை நுனியைத் தூக்கினார். முழங்காலைச் சுற்றி ஒரு சூட்டு உறை.

"இது எப்ப வந்தது?"

"போன வருஷம்."

"ஒரு வருஷமா என் பக்கத்துல படுத்துக்கிட்டு..."

"நீங்க குறட்டை விட ஆரம்பிச்சப்புறம் போடுவேன், விடியறதுக்குள்ள எடுத்துடுவேன்."

"மீட்டர் வாரத்துல?"

"வெந்நீர் ஒத்தடம். எனக்கு மட்டும் ரோஷம் இல்லையா?" அவள் எழுந்து உட்கார்ந்தாள். "எல்லார்கிட்டயும் கேக்கறீங்களே, உங்க டிக்கெட்டைக் காட்டுங்க பாப்போம். கூடத்துல டிவி ஓடுது, கேக்குதா? நீங்க போட்டுட்டுப் போனது. தினமும் அது உங்களைப் பாத்துக்கிட்டிருக்கும், நீங்க நாற்காலியில தூங்குவீங்க. தலைக்கு மேல ஒரு ஃபேன், பக்கத்துல ஒரு ஃபேன். அந்த ஒரு வாரம் மட்டும் பாயைச் சுருட்டிக்கிட்டு மொட்டைமாடிக்குப் போனீங்களே, காத்து நல்லாருக்குன்னு. கொசு கடிச்சு முதுகெல்லாம் தடிப்பு. மருந்து போட்டு விட்டது யாரு?"

செக்கர் தம் பணிக்காலத்தில் சாக்குச் சொல்லாத பயணியைப் பார்த்ததில்லை. இன்று ஒருவரைப் பார்த்தார், எதிரே இருந்த நிலைக்கண்ணாடியில்.

பின்னறையில் மருமகள் பெட்டியின் கண்ணாடி வழியாக வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. இடம் மாற்றத் தயாராகத்தான் இருந்தாள்.

"அதையெல்லாம் எடுத்து வைம்மா," என்றார்.

"ரெண்டா, நாலா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? இனிமேத்தான் அளக்கணும். அன்னைக்கு மீட்டர் பொய் சொல்லல. நாம எல்லாரும் சேந்து மீட்டர்கிட்டப் பொய் சொல்லியிருக்கோம். நீ மட்டும்தான் சொல்லல, நீ ஊர்ல இல்ல."

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இருந்திருந்தா நானும் இஸ்திரிப் பெட்டியை ஒளிச்சிருப்பேன் மாமா."

பேட்டரிக்காரன் வந்தான். செக்கர் அவனை உட்காரவிடவில்லை.

"வந்தியா? நீயும் குற்றவாளிதான். மீட்டரை மாட்டும்போது வீட்டுல என்னென்ன சாமான் ஓடுதுன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டேனே ஐயா. என் வீட்டுல என்ன இருக்குன்னு உனக்கு எதுக்குன்னு கதவைச் சாத்தினீங்க."

கூடத்தில் எல்லோரும் வேறு எங்கேயோ பார்த்தார்கள்.

"சரி, மாட்டு," என்றார் செக்கர். "ரெண்டையும் இப்போதைக்குச் சோதனைக்கு மட்டும் மாட்டு. வெளி மின்சாரத்தை நிறுத்து. எல்லாரும் கேட்டுக்கங்க. வழக்கமா ராத்திரியில எது ஓடுமோ அதைப் போடுங்க. ஒண்ணும் ஒளிக்கக்கூடாது. நான் இன்னைக்கு யாரையும் பிடிக்க மாட்டேன்."

போட்டார்கள். ஃபேன்கள், விளக்குகள், ஃப்ரிட்ஜ், பெட்டி, மூட்டுக்கு உறை. செக்கரே போய் டிவியைப் போட்டார், நாற்காலிப் பக்கத்து ஃபேனையும் போட்டார். இன்வெர்ட்டர் திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. பேட்டரிக்காரன் ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்டுக் கேட்டுப் போனில் கூட்டினான். தூங்கினதும் அணைப்பது எது, விடிகிறவரை ஓடுவது எது, ஃப்ரிட்ஜ் எவ்வளவு நேரம் ஓய்வெடுக்கும், எல்லாம் கேட்டான். வழியில் இன்வெர்ட்டர் தின்னும் பங்கையும் சேர்த்தான்.

"ஸ்கூட்டரை விட்டாலும் ஆறு வேணும் ஐயா. தகடு நிறைய இருக்கு, பகல்ல ரொம்பிடும்."

"ஆறே போடு."

மகன் தயங்கினான். "தெருவுல ரெண்டுன்னு சொல்லி வச்சிருக்கீங்களேப்பா. எதிர்வீட்டுக்காரர் கேட்டா?"

"கேட்டா, எங்க வீட்டுல ஆளுங்க வாழறாங்கன்னு சொல்லு."

மருமகள் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து மடித்து, பரண்மேல் தூக்கிப் போட்டாள். விழுந்த சத்தம் கூடத்துக்குக் கேட்டது. செக்கருக்கு அது போதுமானதாக இருந்தது.

"கடைசியா ஒண்ணு," என்றான் பேட்டரிக்காரன். "எல்லாத்தையும் அணைங்க. திரையில பூஜ்யம் வந்தா ஒயரிங் சுத்தம்னு அர்த்தம். பெட்டியையும் ஒரு நிமிஷம்."

"ஒரு நிமிஷம்னா ஒரு நிமிஷம்தான்," என்று மருமகள் பிளக்கில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

எல்லாம் அணைந்தது. வீடு இருட்டாயிற்று. திரை மட்டும் ஒளிர்ந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

அறுபது வாட்.

"ஏதோ ஓடுதே," என்றான் பேட்டரிக்காரன். "ஒரு ஃபேன், ஒரு சின்ன விளக்கு மாதிரி."

மருமகள் பெட்டியை மறுபடி போட்டுவிட்டாள். மகன் விரலை மடக்கி எண்ணிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். செக்கருக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது. டிக்கெட் இல்லாத பயணி ஒருவர் வண்டியில் இருக்கிறார்.

கூடத்து மூலையிலிருந்து மாடிப்படி ஏறுகிறது. மேலே ஒரே ஓர் அறை. இளைய மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து பூட்டிக் கிடக்கிற அறை. அவர் கீழே நின்றே அண்ணாந்து பார்த்தார். கதவில் பூட்டு இல்லை. கதவுக்கடியில் மெல்லிய கோடாக வெளிச்சம்.

மூடி வைத்த தட்டு. இரண்டு நாளாக அதிகமான மூட்டு வலி. படி ஏறி இறங்கினால் மூட்டு வலிக்காமல் என்ன செய்யும்?

படியில் ஒரு காலை வைத்தார். மனைவி இருட்டில் அவர் கையைப் பிடித்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு சோதனையின் நடுவில் அவரை யாரும் பிடித்து நிறுத்தியதில்லை.

"இன்னைக்கு ஒரு நாளைக்குச் செக்கிங் போதுங்க," என்றாள். குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. "யாரையும் பிடிக்க மாட்டேன்னு இப்பத்தானே சொன்னீங்க."

அவர் மேலே பார்த்தார். வெளிச்சக் கோட்டை ஒரு நிழல் கடந்து போய் நின்றது. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

காலைக் கீழே எடுத்துவைத்தார்.

"எத்தனை மணி நேரம் ஓடும் இது?" என்று மனைவியைக் கேட்டார்.

"ராத்திரி முழுக்க. அவளுக்குத் தூக்கம் வர்றதில்ல போல."

"எத்தனை நாளைக்கு?"

"அது தெரியாது."

செக்கர் பேட்டரிக்காரன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்த அறுபதையும் சேத்துக்கோ. விடிய விடிய."

அவன் தட்டிப் பார்த்தான். "சேத்தா ஆறு பேட்டரிக்கு விளிம்பு வரைக்கும் வந்துடும் ஐயா. ஓடும், ஆனா நெருக்கடியாத்தான் ஓடும்."

"படியில யாரையும் தொங்கவிட்டு வண்டி எடுக்கக்கூடாது," என்றார் செக்கர். மேலே கேட்கட்டும் என்றோ என்னவோ, கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். "எட்டாப் போடு. நாளைக்கு இருட்டறதுக்குள்ள எல்லாம் ஒண்ணா இறங்கணும்."